பழப்படம் போட்ட பேணி

நான் வெள்ளவத்தையில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர். அடுத்த வீட்டு முஸ்லிம் நானா மாணிக்க வியாபாரி. தீபாவளிக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் புதிதாக ஏதாவது வாங்கலாமென்று, கோட்டையிலுள்ள பெரிய சீமைச் சாமான் கடைக்கு இருவரும் ரயிலேறிப் போனோம்.

உள்ளே நுழைந்ததும் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். கூரைவரைக்கும் சீஸ், ஜாம், பிஸ்கட், பெயர் தெரியாத தகரப் பேணிகள். திராட்சைப்படம் போட்ட புடிங் பேணியொன்றை ஆசையோடு எடுத்தேன்.

"பழந்தானே நானா, ரெண்டு வீட்டுக்கும் ஒத்துவரும்."

நானா விசாரிக்காமல் எதையும் வாங்கமாட்டார். "இத எப்படித் தின்றது?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

அவர் பெருமையாகச் சொன்னார்: "அவிச்சுச் சாப்பிட வேணும். மாட்டுக் கொழுப்பு நல்லா உருகி, பிராந்தி வாசம் அப்படியே எழும்பும்."

சுட்டதுபோலப் பேணியை இருந்த இடத்திலேயே வைத்தேன். நானா தெருவுக்கு வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ரெண்டு வீட்டுக்கும் ஒத்துவாற பாவமாப் பாத்துத்தான் எடுத்தீங்க."

இப்போதும் அந்தக் கடைக்குச் சேர்ந்துதான் போகிறோம். படத்தை நான் நம்புவதில்லை. எந்தப் பேணியை எடுத்தாலும், மாட்டுக் கொழுப்பு இருக்கிறதா என்று எனக்காக அவர் கேட்பார். பிராந்தி இருக்கிறதா என்று அவருக்காக நான் கேட்பேன்.