கும்பகோணத்தில் கேட்ட 'ஏனுங்க'

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. ரெஜினாவின் மகன். "அத்தை, அம்மா காலையில தவறிட்டாங்க" என்றான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் பீளமேடு திரும்பினேன். வழி முழுக்க அழுதேன்.

அவளோடு பயணம் வந்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பீளமேட்டில் ஒரே பள்ளியில் அவள் வரலாறும் நான் கணக்கும் நடத்தினோம். ஓய்வு பெற்றதும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பழைய ஊர்களையும் கோயில்களையும் பார்க்கப் பஸ் எடுத்தோம். சாப்பாடும் தங்கும் இடமும் என் பாடு. பேச்சு அவள் பாடு. மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்குவது பெரும்பாடு. "கோயமுத்தூர்னா மில்லும் மோட்டாரும்தானே?" என்று தஞ்சாவூர் ஓட்டலில் ஒருவர் கேட்டுவிட்டார். அவர் காபி ஆறிப்போகும்வரை பேரூர்க் கோயில் தூண்களைப் பற்றிப் பேசினாள்.

கும்பகோணம் போகும் வழியில்தான் அந்தப் பேச்சு எழுந்தது. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தங்கமணி முதல்முறையாக எங்களோடு வந்திருந்தார். எல்லோர் காதிலும் விழும்படி, "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு வேதக்காரங்கதான் கெடச்சாங்களா? அடுத்த தடவை வேற ஆளப் பாத்துக்கலாமுங்க" என்றார். ரெஜினா கிறிஸ்தவள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

ரெஜினா மைக்கை எடுத்தாள். "அம்மணி, அந்தக் கல்லக் கொத்துனவன் எனக்கும் பாட்டன்தானுங்க. வேதம் எங்க ஊட்டுக்கு அதுக்கப்புறம் வந்ததுங்க. பாட்டன் செஞ்சதப் பேத்தி பெருமையாச் சொல்லக் கூடாதுங்களா?"

தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் போனது தேர் வடிவில் கல் மண்டபம் உள்ள ஒரு சோழர் காலக் கோயில். சிற்பங்களைத் தொட வேண்டாம் என்று காவலாளி எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்பதற்காகத் தங்கமணி, "ஏனுங்க!" என்று அவரைக் கூப்பிட்டார்.

"ஏனா? தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது. அதுக்குக் காரணம் வேற சொல்லணுமா?"

"ஐயோ, ஏனுங்க..."

"மறுபடியும் ஏன்னு கேக்குறீங்களே!"

தங்கமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ரெஜினா நடுவில் போய் நின்றாள். "ஐயா, அவங்க காரணங் கேக்கலீங்க. எங்கூர்ல மரியாதையாக் கூப்பிடறதே அப்படித்தானுங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டார். தானே குழாய்வரை கூட்டிப்போனார்.

திரும்பும்போது தங்கமணி முன்னிருக்கைக்கு வந்து ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து, கல்லில் தேர் செய்த கதையை மறுபடி கேட்டார். அதன் பிறகு அவர் வராத பயணம் இல்லை.

அடக்கத்தன்று சர்ச் வாசலில் கிணத்துக்கடவிலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. தங்கமணிதான் முதலில் இறங்கினார். கூட வந்த பெண்கள் பலர் சர்ச்சுக்குள் போனதே இல்லை. "செருப்பக் கழட்டோணுமுங்களா அக்கா?" என்று தயங்கினார்கள். "கழட்டிப்போட்டு வாங்க. நம்மூட்டு எழவுதான், என்னத்துக்குக் கூச்சம்?" என்று சொல்லித் தங்கமணி முன்னால் நடந்தார்.

ரெஜினாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் பேத்தி உரிமையைத்தான். எந்தப் பழைய கல்லின் முன்னாலும் நிமிர்ந்து நின்று 'இது நம்முடையது' என்று சொல்லலாம். ஒருவரையும் வெளியே நிறுத்தாமல் சொல்லலாம். அப்படிச் சொன்ன ஒருத்தி எனக்குத் தோழியாக இருந்தாள்.