காய்ச்சல் விட்ட நாள்

தனகோட்டி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறாள்: "காச்சல் வுட்டுட்ச்சா? எப்பலேர்ந்து?" காலையிலிருந்து இல்லை என்று நோயாளியின் மனைவி சிரித்தபடி சொல்கிறாள். "அப்ப இங்கயே இருங்க. வூட்டுக்குப் போவாதீங்க." சிரிப்பு நின்றுவிடுகிறது.

மந்தாரக்குப்பத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக ரத்தப் பரிசோதனை செய்பவள். வருகிறவரின் முகத்தைப் பார்க்குமுன் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடுவாள். அணுக்களை எண்ணும்போது பக்கத்து நிலக்கரி மைன்ஸ் சங்கு ஊதினால்கூடத் திட்டுவாள்: "எண்ணிக்கினு இருக்கேன் இல்ல?" காய்ச்சல் நூற்றுநான்கைத் தொட்டாலும் பதறமாட்டாள். இறங்கினால்தான் பயம்.

அந்தப் பயம் தங்கை கலியம்மாளின் மகள் ஆதிலட்சுமியால் வந்தது. அவளுக்கு எண்பத்தைந்தாம் வருடம் டெங்கு வந்து தானாகப் போயிருந்தது. எண்பத்தெட்டு ஐப்பசியில் மறுபடி காய்ச்சல். நான்காம் நாள் ரத்தத்தில் பெரிய பெரிய வெள்ளணுக்கள், ஓரம் கருநீலமாக, கூட்டமாகத் தெரிந்தன. டாக்டர் கோபாலகிருஷ்ணன் குனிந்து பார்த்தார்.

"இதுல டி செல்னு ஒரு வகை உண்டும்மா. பழைய டெங்குவை ஞாபகம் வச்சிருக்கும். இப்ப வந்தது வேற வகை டெங்குவா இருந்தா, பழசுன்னு நெனச்சு மளமளன்னு பெருகும். ஆனா கிருமியைச் சரியாக் கொல்லாது. அது சுரக்கிறதுலதான் ரத்தக்குழாய் கசியுதோன்னு இப்ப சந்தேகப்படறாங்க. காய்ச்சல் இறங்கற நேரந்தான் ஆபத்து."

"நம்ம ஒடம்புல இருக்கறதேவா நம்மளக் கெடுக்குது சார்?"

அவர் தலையை ஆட்டிவிட்டு வார்டுக்கு நடந்தார்.

ஐந்தாம் நாள் காலை உடம்பு குளிர்ந்துவிட்டது. சிறுமி இட்லி கேட்டாள். கலியம்மாள் வீட்டுக்குப் போகப் பையைக் கட்டினாள். "புள்ள நல்லாத்தான இருக்குது, வுடுக்கா." தனகோட்டி வார்டு வாசலை மறித்து நின்றாள். சிறுமியின் விரலைக் குத்தி, மெல்லிய குழாயில் ரத்தம் எடுத்து மெஷினில் சுற்றவிட்டாள். சிவப்பணுக்களின் அளவு நூற்றுக்கு முப்பத்தெட்டு. பத்து மணிக்கு நாற்பத்துமூன்று. நண்பகலில் நாற்பத்தொன்பது. நீர் கசிந்து வெளியேற, ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, ஏன் என்னக் குத்திக்கினே இருக்க..." குரல் பாதியில் தேய்ந்தது. கைகள் சில்லிட்டன. நாடி இழைபோல ஓடியது. டாக்டர் அவசரமாகச் சலைன் ஏற்றினார். அடுத்த ரத்தம் எடுக்கையில் தனகோட்டி இரண்டு கண்ணாடிக் குழாய்களை உடைத்தாள்.

மாலை ஐந்துக்கு நாற்பத்தொன்று. சிறுமி சிறுநீர் கழித்தாள், கண்டம் தாண்டியது என்று கேட்டதும் கலியம்மாள் ஓவென்று அழுதாள்.

மூன்று நாள் கழித்துப் பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். "இனிமே வராதில்லக்கா?" என்றாள் தங்கை.

தனகோட்டி நேரே கொல்லைப்பக்கம் போனாள். எப்போதோ ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்த டிரம் நிறைந்திருந்தது. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். எட்டிப் பார்த்தாள். புழுக்கள் நெளிந்தன. தங்கை ஓடிவந்து தடுப்பதற்குள், தோளைக் கொடுத்து டிரம்மைச் சாய்த்தாள்.