சுரண்டி எடுத்த வீக்கம்

சென்ற வெள்ளிக்கிழமை காலை பால் சொசைட்டி வாசலில் தூக்குப் பாத்திரத்துடன் நின்றிருந்தேன். மீனாட்சிபுரத்திலிருந்து வந்த வண்டிக்காரர் கேனை இறக்கிக்கொண்டே, "ஏனுங்ணா, தெரியுங்ளா? நம்ம ஓட்டக்காரர் கனகராஜு போயிட்டாருங்க. மஞ்சக்காமாலையாமா" என்றார். முப்பத்தைந்து வயது. வரிசையில் நின்ற எல்லோரும் "தங்கமான மனுசன்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் உயிரோடு இருந்தபோது பொய்யன் என்று சொன்ன வாய்களும் அந்த வரிசையில் இருந்தன.

அவரை அறிந்த ஊர்க்காரர்களே, உங்களுக்குத்தான் நம் வட்டாரப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஸ்டுடியோவில் படம் பிடிப்பதும், நெகட்டிவில் திருத்தம் செய்வதும் என் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் லீவ் காலம் வந்தால் நம் பக்கத்துப் பட்டாள விளையாட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள். மல்யுத்தக்காரர், குண்டு எறிபவர், கபடிக்காரர் என்று ஆளுக்கொரு தினுசு. பனியனும் அரைக்கால் சட்டையும் போடவைத்து, கை கால்களில் தேங்காய் எண்ணெய் பூசி, ஆயிரம் வாட் விளக்குகளுக்கு நடுவில் நிறுத்துவேன். எண்ணெயில் வெளிச்சம் பட்டால் தசை திரண்டு தெரியும். அந்தப் படம்தான் பெண் வீட்டுக்குப் போகும். அதனால் ஒரு பருவோ தழும்போ அதில் இருக்கக் கூடாது என்பது எங்கள் கடையின் சட்டம்.

கனகராஜு பட்டாளத்தில் நெடுந்தூர ஓட்டக்காரர். ஒரு லீவில் பாலக்காட்டில் ரயில் இறங்கி, டிரங்குப் பெட்டியோடு பஸ் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். "ஊட்டுக்குப் போனா எங்கம்மா மூணு நாளைக்கு வெளிய உடாதுங்ணா. வயிறு பெருக்கறதுக்குள்ள படத்த எடுத்துப்போடலாங்க" என்று சிரித்தார்.

பத்தடி அறைக்குள் ஓடுவது எப்படி? முன்காலை ஊன்றி நிற்க வேண்டும். பின்காலைக் கறுப்புத் துணி சுற்றிய முக்காலியில் வைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் முக்காலி தெரியாது, ஆள் பறப்பார். இடது காலை ஊன்றியதும் அவருக்கு உடம்பே நடுங்கியது. "இந்தக் காலு தாங்காதுங்ணா, மாத்தி நின்னுக்கட்டுங்ளா?" என்றார். குனிந்து பார்த்தேன். இடது முட்டியின் உள்பக்கம் கொய்யாக்காய் அளவு புடைத்துக் கன்றியிருந்தது. பயிற்சியில் பள்ளத்தில் விழுந்தாராம். அப்போது போட்டி நெருங்கியிருந்ததாம். "சொன்னா பேர வெட்டிப்போடுவாங்கன்னு மூச்சு உடலைங்க" என்றார்.

கிளம்பும்போது, "முட்டிய அப்படியே உட்ருங்ணா. பட்டது பட்டதாவே இருக்கட்டும்" என்றார். "கல்யாணப் படமப்பா இது, நீ சும்மா இரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கன்றலைப் பென்சிலால் மறைத்தேன். வீக்கம் பென்சிலுக்கு அடங்கவில்லை. சின்னக் கத்தியை எடுத்து, நெகட்டிவில் அந்தப் புடைப்பை மட்டும் சுரண்டினேன். சுரண்டிய இடம் பின்னால் இருந்த கறுப்புத் திரையோடு சேர்ந்துகொண்டது. முட்டி கடைந்தெடுத்தது போல வந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த முட்டி ஓட்டத்தின் நடுவிலேயே கைவிட்டது. அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சியில் விழுந்ததை அவர் மறைத்திருந்ததால் பட்டாளத்து ஏட்டில் அந்தக் காயம் பதிவாகவில்லை. லீவில் சொந்த வயலில் விழுந்து பட்ட காயம், பட்டாள வேலையால் வந்ததல்ல, ஆகவே பென்ஷன் இல்லை என்று காகிதம் வந்தது. ஊன்றுகோலோடு ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"ஊட்டுப் படிய மிதிக்கறதுக்கு முன்னாடி எடுத்த படமுங்க. படத்துக்குப் பின்னால அன்னைக்குத் தேதி முத்திரை இருக்குதுங்க. திருத்தினதத் தொடச்சுட்டா ரயில் எறங்கறப்பவே வீங்கியிருந்தது தெரிஞ்சுபோகுமில்லீங்க?"

பென்சிலைத் துடைக்கலாம். சுரண்டியதை ஆண்டவனாலும் ஒட்டவைக்க முடியாது. நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். "வேண்டாம்னு சொன்னனேங்ணா" என்றார். அவ்வளவுதான். பிறகு, "செரி, நீங்க கண்ணுல பாத்தீங்க. திருத்தினோம்னு ஒரு காயிதம் எழுதிக் குடுங்க, பென்ஷன் கேட்டு எழுதற அபேட்சையோட வெச்சு அனுப்பறன்" என்று கேட்டார்.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். "கோர்ட்டுக்கும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கும் நம்ம படந்தான் போகுது. படத்துல கைவெக்கறோம்னு நாமளே எழுதிக் குடுத்தா கடைய இழுத்துப் பூட்டீட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். கனகராஜு அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். தூ, அதுவும் ஒரு பிழைப்பு!

என் காகிதம் இல்லாமல் போன அபேட்சை தள்ளுபடியானது. "ஏர் ஓட்டறப்ப உழுந்துபோட்டுப் பட்டாளத்து மேல பழி போடறான்" என்று ஊர் பேசியது. பார்த்து வைத்திருந்த பெண் வீட்டுக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். கடைசிவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு மாடுகளோடு காலம் போனது. யாராவது அவருக்காக வருத்தப்பட்டால், "ஓடறப்ப பின்னால வர்றவன் பேச்சக் காதுல வாங்கக் கூடாதுங்க" என்பார். அவருக்குப் பின்னால் ஓடிவர அப்போது யாரும் இல்லை. நாமெல்லாம் அவர் வீட்டு வாசலிலேயே, அவர் காதுபடத்தான் பேசினோம்.

சந்தையில் என்னைக் கண்டால், "நல்லா இருக்கீங்ளாண்ணா?" என்று அவரே முதலில் கேட்பார். ஒருநாள் சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் நானும் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அன்று நான் கண்ணால் கண்டது ஒன்றுதான். முதலாளி இதைப் படிப்பார். வேலை போனால் போகட்டும். கனகராஜு கேட்ட காகிதத்தை இப்போது எழுதுகிறேன், வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத நேரத்தில். லீவில் வந்த கனகராஜு வீடு போய்ச் சேரும் முன்பே அவருடைய இடது முட்டி வீங்கியிருந்தது. நான் பார்த்தேன். அந்த வீக்கத்தைச் சுரண்டி எடுத்தவன் நான். அவர் பொய் சொல்லவில்லை.