கிளெனிஸ் போட்ட ஓட்டு

பெர்னி நகரத்து முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் கிளெனிஸ் சேர்ந்து முப்பத்தோரு வருடமாகிறது. காலை ஐந்தரைக்கு உள்ளே போனால் பிற்பகல் இரண்டுக்கு வெளியே வருவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட வேலை பார்க்கும் பெண்கள் இருவர் காய்ச்சலென்று வராமல் போனதால், ஐந்து மணி வரை ஒற்றை ஆளாக நின்று படுக்கை விரிப்புகளை மடித்துப் போட்டுவிட்டு வீடு வந்தாள். காலணியைக் கழற்றக்கூட வாசலில் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

உள்ளே எல்லோரும் கூடிவிட்டார்கள். பிப்ரவரி முதல் ஞாயிறு. டிவியில் புது சீசன்கள் தொடங்கும் நாள். முழங்கால் அறுவை செய்துகொண்ட கணவன் மர்ரே, காலை முக்காலிமேல் நீட்டிச் சாய்ந்திருந்தான். அவனுடைய அண்ணன் நோயல், மனைவியை இழந்த பிறகு இந்த நாளை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட 'பை' ரொட்டிகளைச் சூடாக ஒரு அட்டைப்பெட்டியில் வாங்கி வந்திருந்தான். மகள் டீகன், இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள், சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தென்கோளத்தில் பிப்ரவரி கோடைதான் என்றாலும் கடல்காற்று குளிர்ந்து அடித்ததால் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"வாம்மா, சீக்கிரம் உட்காரு. இன்னும் ரெண்டே நிமிஷம். வீடா, சமையலா?" என்றாள் டீகன்.

ஒரே நேரத்தில் இரண்டு சேனலில் இரண்டு போட்டிகள். பாழடைந்த வீட்டைப் புதுப்பிக்கும் போட்டி அண்ணன் தம்பிக்கு. சமையல் போட்டி டீகனுக்கு. ஓட்டு இரண்டுக்கு ஒன்று என்றாலும் வீட்டு வழக்கம் வேறு. கிளெனிஸ் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் டிவி.

"வீடு," என்றாள் கிளெனிஸ்.

"போன வருஷமும் அதுதானே போட்டே? எந்த வீடு ஜெயிச்சுதுன்னு சொல்லு பாக்கலாம்."

"அவ எங்கடி பாத்தா? அஞ்சாவது நிமிஷமே குறட்டை," என்றான் நோயல்.

உண்மைதான். எத்தனையோ வருடமாக இந்தச் சோபாவில் அவள் ஒரு முதல் பகுதியைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. தூங்கிவிட்டாளே என்று சேனலை மாற்றினால் மட்டும் கண்ணைத் திறக்காமலே, "நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பாள். யாரும் மாற்றுவதில்லை.

அன்று தூக்கம் வரவில்லை. 'பை' ரொட்டியை இரண்டு கடி கடித்துவிட்டுத் தட்டை ஓரம் வைத்தாள். திரையில் ஒரு இளம் தம்பதி, இருந்த வேலையை விட்டுவிட்டுப் போட்டிக்கு வந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"வேலைய விட்டுட்டு வந்து செவுத்துக்கு வர்ணம் அடிக்குதுங்க. மூளை கெட்டதுங்க," என்றான் மர்ரே.

"எனக்கும் வேலை முடியுது," என்றாள் கிளெனிஸ். "மே மாசத்தோட. துணியெல்லாம் இனி லாரியில லான்செஸ்டனுக்குப் போய் வெளுத்து வரப்போகுதாம். எங்க கூடத்த மூடுறாங்க."

மர்ரே ரிமோட்டைத் தேடி ஒலியை நிறுத்தினான். "எப்ப சொன்னாங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அஞ்சு நாளாச்சு. எங்கிட்ட ஏன் சொல்லல, கிளென்?"

"சொன்னா பேசணும். பேசத் தெம்பில்ல."

மேலாளர் சொன்ன அந்த நிமிடத்தில் தன் மனதில் முதலில் எழுந்தது எது என்பதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இனி நாலரைக்கு எழ வேண்டாம் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள். வயது ஐம்பத்தெட்டு, இனி யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்ற பயமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

டீகன் வந்து அம்மாவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். ஊர்க் காகித ஆலை மூடப்பட்டபோது வேலையை இழந்தவன் நோயல். அவன்தான் தொண்டையைக் கனைத்தான்.

"எங்கள கேக் வெட்டி அனுப்பிச்சாங்க. காஞ்ச கேக்கு. நீ முன்னாடியே சொல்லி நல்லதா வாங்கிக்க."

கிளெனிஸ் மூக்கால் சிரித்தாள். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரமானது. "சாக்லேட் கேக் கேக்கறேன்," என்றாள்.

"நான் வேலை பாக்கற சலூன்ல பேசிப் பாக்கட்டுமா? அங்க துண்டு தொவைக்க ஆள் வேணும்னு..." என்று தொடங்கினாள் டீகன்.

"இன்னொரு துண்டையா? இப்ப வேணாம்டி. சத்தத்தப் போடு. அந்தப் புள்ளைங்க வீட்டு வாசலப் பாத்தாங்களா இல்லையா?"

மர்ரே ஒலியைக் கூட்டினான். அவன் கை ரிமோட்டோடு அவள் முழங்காலில் போய்ப் படிந்து, அங்கேயே இருந்தது. வெளியே இன்னும் வெயில் போகவில்லை. தம்பதி துருப்பிடித்த பூட்டை உடைத்தார்கள், உள்ளே கூரை ஒழுகியிருந்தது, யாரோ கத்தினார்கள். கிளெனிஸின் தலை மெல்ல டீகனின் தோளில் சாய்ந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் மர்ரே ஊன்றுகோலைத் தேடி எழுந்தான். நோயல் தட்டுகளைப் பொறுக்கினான். டீகன் தோளை மெல்ல விலக்கி, அம்மாவின் தலைக்கு ஒரு தலையணையைக் கொடுத்துவிட்டு அவர்கள் பின்னால் போனாள். சமையலறையிலிருந்து பேச்சு வந்தது.

"பெரியப்பா, கழுவற தொட்டியில எண்ணெய்த் தட்ட அடியில வைக்காதீங்க."

"எங்க வெச்சா என்ன, தண்ணிக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசுங்க, அவ தூங்கறா," என்றான் மர்ரே.

அவள் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தால் எழுந்து போக வேண்டும், ஈரத்துணியைக் கையில் வாங்க வேண்டும், எந்தத் தட்டு எங்கே என்று சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடிக் கோப்பை எதிலோ மோதும் சத்தம் கேட்டது. உடைந்திருக்குமோ என்று நினைத்தாள். உடைந்தால் உடையட்டும் என்று தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.