டிரில் வாத்தியார் பின்னிய விரிப்பு

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் தந்திச் சேவகர் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். சேரன்மகாதேவிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டிரில் வாத்தியார் ஞானமுத்து காலமாகிவிட்டார் என்று செய்தி. பையன்களை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வருமென்று பார்த்தால் முதலில் சிரிப்புதான் வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் டிரில் பழகியவர்களும் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டார்கள்.

ஆறடி உயரம், முறுக்கிய மீசை. அவர் "அட்டென்ஷன்!" என்றால் வாய்க்காலுக்கு அப்பால் நாற்று நடுகிறவர்களும் நிமிர்வார்கள். அப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலத்தில் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி வலது காலை முறித்துக்கொண்டார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பலகை வைத்துக் கட்டி, இரண்டரை மாதம் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் எதையோ அவசரமாகப் போர்வைக்குள் தள்ளினார். கட்டிலிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளி நூலுருண்டை விழுந்து என் காலடிக்கு ஓடி வந்தது. இனி மறைக்க வழியில்லை. பெண் நோயாளிகளுக்குப் பின்னல் கற்றுக்கொடுக்க வந்த வெள்ளைக்காரத் துரைசாணியம்மாளிடம், சலிப்புத் தாங்காமல் இவரும் ஒரு கொக்கி ஊசி கேட்டு வாங்கியிருக்கிறார். சிறு வளையம் ஒன்று போட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, நான்கு மூலை வைத்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம் ஆகிவிடும். தலையணைக்கு அடியில் அப்படி நாற்பது இருந்தன.

"அன்னபாக்கியம் எனக்காக வெறுந்தரையில முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதா. முட்டு ரெண்டும் காய்ச்சுப் போச்சு. இதையெல்லாம் சேத்து அவளுக்கு ஒரு விரிப்பு ஆக்கணும். பள்ளிக்கூடத்துல மூச்சு விட்டுராதீரும், வே" என்றார். அன்னபாக்கியம் அவர் மனைவி.

நான் மூச்சு விட்டேன். ஒரே ஒரு வாத்தியாரிடம்தான் சொன்னேன். திங்கட்கிழமைக்குள் ஒன்றாம் வகுப்புவரை தெரிந்துவிட்டது.

அவர் ஊன்றுகோலோடு திரும்பி வந்த அன்று, கரும்பலகையில் மீசை வைத்த ஒருவர் சேலை கட்டி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். அவர் பிரம்பை எடுத்தால் என்ன சொல்லித் தடுப்பது என்று நான் வராந்தாவில் தவித்துக்கொண்டிருந்தேன். அவரோ படத்தை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார்.

"வரைஞ்சது யாருலே? மீசை நல்லா வந்திருக்கு. ஊசியைத்தான் கடப்பாரை மாதிரி பிடிக்க வச்சிட்டான். இங்கன பாருங்க, இப்படிப் பிடிக்கணும்" என்று சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்துக் காட்டினார். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அன்று முதல் மதிய வேளையில் வேப்பமரத்தடியில் எல்லார் முன்னாலும் பின்னினார். டிரிலில் ஒரு பையனும் வரிசை பிசகவில்லை.

சாயங்காலம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீரு சொல்லலேன்னா நான் காலம்பூரா போர்வைக்குள்ளல்லா பின்னிக்கிட்டு இருப்பேன்" என்றார்.

நூறு சதுரம் சேர்ந்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. ஆஸ்பத்திரியில் பயந்து இறுக்கிப் பின்னியவை சிறுத்திருந்தன. கை பழகியபின் பின்னியவை பெருத்திருந்தன. வாத்தியாருக்குத் தெரிந்தது ஒரே முறைதான்: குட்டையன் முன்னால், நெட்டையன் பின்னால். அப்படியே அடுக்கி ஒன்றோடொன்று இணைத்தார். முடித்து விரித்தால் ஒரு முனை குறுகியும் மறுமுனை அகன்றும் கிடந்தது. நானும் அப்போது அவர் வீட்டில் இருந்தேன்.

அன்னபாக்கியம் அக்காள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார்கள். "என்னங்க இது, விரிப்பா, அரிசி புடைக்கிற சொளவா?"

வாத்தியாரின் முகம் சுருங்கிவிட்டது. "பிரிச்சிருதேன்" என்று குனிந்தார்.

"பிரிச்சீங்கன்னா நான் உங்ககூடப் பேச மாட்டேன்" என்று அக்காள் விரிப்பைப் பறித்துத் தரையில் போட்டார்கள். "அகலம் முட்டுக்கு, குறுகல் நெத்திக்கு. பின்னே, அளவு சரியாத்தான இருக்கு?" என்று அங்கேயே அதன்மேல் முழங்கால் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்று மீசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடக்கத்துக்குப் போனபோது அந்த விரிப்பைப் பார்த்தேன். முழங்கால் பட்ட இரண்டு இடங்களில் மட்டும் நிறம் வெளுத்திருக்கிறது.

என்னிடமும் அவர் பின்னிய சதுரம் ஒன்று உண்டு. நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது, "மைக்கூட்டுக்கு அடியில வையும்" என்று கொடுத்தார். கறை பட்டுவிடுமே என்று ஒருநாளும் அப்படி வைக்கவில்லை. இதை எழுதும்போதும் மைக்கூடு வெறும் மேசைமேல்தான் இருக்கிறது; சதுரம் என் இடது கைக்கு அடியில் இருக்கிறது.