எரிபொருள் நோட்டு

எங்கள் வீட்டுக்குக் காஸ் அடுப்பு வந்த அன்று அப்பா சிலிண்டருக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டப் போனார். மாட்டிவிட வந்த ஆள் பதறிப்போய், "இன்னாங்க பண்றீங்க, மொதல்ல அத்த அணைங்க!" என்று கத்தினார். அப்பா கற்பூரத் தட்டோடு வாசலுக்குப் போய் அங்கிருந்தே சிலிண்டருக்குக் காட்டினார். அத்துடன் அந்த அடுப்பு சாமி ஆகிவிட்டது. சாமியை யாராவது சமைக்கச் சொல்வார்களா?

பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் சவுக்கு, ஒரு ஏக்கர் மல்லாட்டை, வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சவுக்கு வெட்டினால் கட்டையெல்லாம் லாரி ஏறிப் போய்விடும். மெல்லிய கிளைகளான மிளாரும், வேரும் எங்கள் அடுப்புக்கு. "சவுக்கு வெச்சிக்கினு காஸ்ல சோறாக்கனா ஊர்ல காறித் துப்புவானுங்க" என்பார் அப்பா. அவர் கஞ்சர் இல்லை, கௌரவக்காரர். அதனால் காஸ் கூடத்தில் மேஜை மேல் இருந்தது. கட்டை வாங்க வரும் வியாபாரிக்கும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் டீ போட மட்டும் அதைப் பற்றவைப்போம். நீலமாக எரிவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று அப்பா கூடத்து விளக்கைக்கூட அணைத்துவிடுவார்.

அம்மா சமைத்தது பின்னால், ஜன்னல் இல்லாத அறையில். மழைக்காலத்தில் மிளார் ஈரமாக இருக்கும். மல்லாட்டைத் தோலை அள்ளிப் போட்டு ஊதினால் நெருப்பு வருவதற்கு முன்னால் புகை வந்துவிடும். அம்மா இருமுவாள். அந்த இருமல் எங்கள் காதில் விழுந்ததே இல்லை. பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடுகிற மாதிரி, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நின்றால்தான் தெரியும்.

நான் ஏழாவது படித்தபோது அறிவியலில் எரிபொருள் பாடம் வந்தது. எரிந்து வெப்பம் தருவது எரிபொருள். திடம், திரவம், வாயு என்று மூன்று வகைப்படும். டீச்சர் பாடத்தை நடத்தி முடித்து, "உங்க வீட்ல ஒரு வாரம் எந்த எரிபொருள் எதுக்குப் பயன்படுதுன்னு பாத்து எழுதிக்கிட்டு வாங்க. பொய் எழுதக் கூடாது. அப்பா கையெழுத்து வேணும்" என்றார். எரிபொருள், பயன் என்று இரண்டு கட்டம் போடச் சொன்னார். நான் வகுப்பில் முதல் மாணவி. எனக்கு இரண்டு கட்டம் போதுமா? 'யார்' என்று மூன்றாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன்.

பெட்ரோல், வண்டி ஓட்ட, அப்பா. டீசல், உழவு, டிராக்டர்காரர். மண்ணெண்ணெய், கரண்ட் போனால் விளக்கு, நான். மிளார், களி கிண்ட, குழம்பு வைக்க, அப்பா குளிக்க வெந்நீர், அம்மா. மல்லாட்டைத் தோல், நெல் அவிக்க, அம்மா. வறட்டி, மாட்டுக்குத் தவிடு காய்ச்ச, அம்மா. அந்தக் கட்டத்தில் அம்மா, அம்மா என்று எழுதியே கை வலித்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எழுத்து முத்து முத்தாக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் நல்ல மழை. அப்பா விடிந்ததும் தோப்புக்குப் போய்விட்டார். நான் எழுந்து கூடத்துக்கு வந்தால், அம்மா காஸ் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு சோறு வடிக்கப் போகிறாள். என்னைப் பார்த்ததும் அடுப்பை அணைக்கக் கை நீட்டினாள்.

"மூச்சு இழுக்குதுடி பாப்பா. அப்பா இல்லாதப்ப எப்பனா ஒரு நாளு வெப்பேன். அவர் கிட்ட சொல்லிடாத, இன்னா?"

தலையாட்டினேன். வாக்குத் தவறவும் இல்லை. அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். 'காஸ், சோறு வடிக்க (அப்பா இல்லாதபோது), அம்மா.' டீச்சர் பொய் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தாரே! கையெழுத்துப் போடுகிறவர் படித்தும் பார்ப்பார் என்று அந்த முதல் மாணவிக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வளவனூரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். மகளின் கையெழுத்தைத் தம்பிக்குக் காட்ட அப்பாவுக்கு ஆசை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்துக்கொண்டே போனவர், அந்த வரியையும் பாதிவரை உரக்கத்தான் படித்தார். சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இன்னாண்ணா, உனக்குத் தெரியாமயே ஊட்ல காஸு ஓடுது போலகீது!"

அப்பாவும் சிரித்தார். கையெழுத்துப் போட்டார். சித்தப்பா பஸ் ஏறிய பிறகு சிலிண்டரின் தலையில் இருந்த ரெகுலேட்டரைக் கழற்றி, பீரோவில் பத்திரங்களோடு வைத்துப் பூட்டினார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் எனக்காவது புரிந்திருக்கும். சாயங்காலம் அம்மா வழக்கம்போலத் தலை பின்னிவிட்டாள், பின்னி முடிக்கும்வரை நான் அழுதேன். இனி எங்கள் வீட்டில் நடப்பதை வெளியில் மூச்சுவிடுவதில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

டீச்சர் பத்துக்குப் பத்து போட்டு, மூன்றாவது கட்டத்துக்காகக் கைதட்டவும் சொன்னார்.

மாசி மாதம் நெல் அவித்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்பின் முன்னாலேயே சாய்ந்துவிட்டாள். விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "அம்மா பீடி, சுருட்டு ஏதாச்சும் குடிப்பாங்களா?" என்று கேட்டார். நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அப்பா முறைத்தார்.

"வீட்ல சமையல் எதுல? விறகா?"

"காஸுதாங்க. வந்து ரெண்டு வருஷமாவுது" என்றார் அப்பா. ஒரு விதத்தில் அது பொய்யும் இல்லை.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. பெரியவர்களை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார். "நீ சொல்லு பாப்பா. வீட்ல காஸ்லதான் சமைக்கிறாங்களா?"

அந்த அறையில் உண்மை சொல்ல மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன், அப்போது யோசிக்கவில்லை. "காஸ்லதான் டாக்டர்" என்றேன், பாடம் ஒப்பிப்பதுபோலத் தெளிவாக.

தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பா டாக்டர் பேச்சைத் தட்டாதவர். உப்பைக் குறை என்று ஒருவர் சொன்னதற்குக் கருவாட்டையே விட்டவர். புகைப் பக்கமே போகக் கூடாது என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பீரோ திறந்திருக்கும். அதைச் சொல்லத்தான் அவர் என்னைக் கேட்டார். அதற்கப்புறம் ஒன்பது மழைக்காலம் அம்மா அந்த அடுப்பை ஊதினாள். பத்தாவதில் ஊத மூச்சு இல்லை, போய்விட்டாள்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இந்த முறை அவளைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். திண்டிவனம் வந்து சேரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.