பதினேழாம் மேசையின் விருந்தாளி

தெருவில் அவருக்குப் பெயர் கப்பல்காரர். கேட்பவர்கள் ஏதோ சொந்தக் கப்பல் வைத்திருந்தவர் என்று நினைப்பார்கள். அவரோ கல்யாணமான வருஷமே கப்பலேறி, முப்பத்தொரு வருஷம் உல்லாசக் கப்பல்களின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு ஏந்தியவர். ஓய்வு பெற்று வீட்டோடு வந்து நான்கு வருஷமாகியும் தரை அவருக்குப் பழகவில்லை. கட்டில் ஆடாவிட்டால் தூக்கம் ஒட்டாது. காதுக்குள் எங்கோ எந்திரம் உறுமிக்கொண்டே இருக்க, பாதிக் கனவில்தான் வீட்டுக்குள் நடமாடுவார்.

சாப்பாடும் அப்படித்தான், நின்றபடியே. கப்பல் ஊழியர்களுக்குக் கீழ்த்தளத்தில் தனிச் சாப்பாடு. விருந்தினர் உணவில் ஒரு துண்டை வாயில் போட்டால், அது எச்சில் தட்டில் மிஞ்சியதாகவே இருந்தாலும், அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். இரண்டு பந்திக்கு நடுவே கிடைப்பது பத்து நிமிஷம். அதில் உட்கார்ந்து எழ நேரம் ஏது? அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் அடுப்பு மேடை ஓரமாக நின்று நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவப் போய்விடுவார். மனைவி கூடத்தில் தனியாகச் சாப்பிடுவாள். அவர் கடலில் இருந்தபோதும் தனியாகத்தான் சாப்பிட்டாள். நல்ல மனுஷர், சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரத்தான் செய்கிறது.

முப்பத்தைந்தாவது கல்யாண நாள் நெருங்கியபோது அவள் இரண்டு டிக்கெட்டை அவர் கையில் வைத்தாள். நான்கு நாள் கப்பல் பயணம்.

"எனக்கு நகையும் வேணாம், புடவையும் வேணாம். ஒரே ஒரு வேளை, எனக்கு எதிர்ல உக்காந்து நீங்க முழுசா சாப்பிடணும். வீட்ல நடக்கல. அங்க பரிமாற ஆள் இருக்கு, தப்பிக்க முடியாது."

கிளம்புகிற நாளில் அவள் ஒரு பை நிறைய பலகாரம் கட்டிக்கொண்டாள். கப்பலின் வாசலிலேயே பையைப் பிரித்துவிட்டார்கள்.

"வீட்டுச் சாப்பாட்டுக்கு உள்ள அனுமதி இல்லம்மா. குடிக்கிறதுன்னா ஆளுக்கு ஒரு பாட்டில், அதுவும் மூடி திறக்காம" என்றான் காவலாளி.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "எல்லாம் தெரிஞ்சவர் நீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்தச் சட்டம் விருந்தாளிங்களுக்குத்தானேன்னு விட்டுட்டேன்" என்றார் அவர். அண்ணாந்து, ஏழு மாடி உயரத்து வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போன அரை மணி நேரத்தில், நான்கு வருஷத் தூக்கமும் சேர்ந்து வந்ததுபோல, அறையில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். எழுந்ததும் கால் போன போக்கில் நடந்தார். கம்பளம் விரித்த நீள நடைகள், சத்தமில்லாமல் நழுவும் கதவுகள், ஜன்னலுக்கு ஜன்னல் ஒரே நீலம். தான் நடக்கிறாரா, நடை தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று தெரியவில்லை. 'ஊழியர்கள் மட்டும்' என்று எழுதிய கதவைத் தள்ளப் போனவரை மனைவி வந்து சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களுக்குப் பதினேழாம் மேசை. பரிமாறியவள் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். சிரித்த முகம், சிவந்த கண். அவளுக்கு நான்கு மேசைகள். அவள் ஓடுவதைப் பார்த்ததும் கப்பல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூப்புக் கிண்ணம் காலியானதும் எழுந்தார். தட்டுகளை அடுக்கினார், முழங்கையில் மூன்றை ஏந்தினார், பக்கத்து மேசைக்குக்கூடத் தண்ணீர் ஊற்றினார். தேநீர் வந்தபோது மனைவி எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாளும் இதே கதை.

மூன்றாம் நாள் காலை அறைக் கணக்குச் சீட்டைப் பார்த்து மனைவி புருவத்தை உயர்த்தினாள். "நாளொண்ணுக்கு இவ்வளவுன்னு டிப்ஸாம். கேக்காமலே போட்டிருக்காங்க. வேண்டாம்னா கவுண்டர்ல சொல்லி எடுத்துடலாமாமே."

"எடுத்துடாதே! அவங்களுக்குச் சம்பளம்னு வர்றது கொஞ்சம். மிச்சமெல்லாம் இதுதான். நம்ம வீட்டு மாடி யாரோ முகம் தெரியாதவங்க எடுக்காம விட்ட டிப்ஸ்ல கட்டினது."

அவள் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டாள்.

அன்று மதியம் மேல்தளத்தில் அந்தப் பெண் தயங்கித் தயங்கி அவர்களிடம் வந்தாள்.

"சார், சொன்னா கோச்சுக்காதீங்க. நீங்க எழுந்து தட்டெடுக்கிறீங்கல்ல, அதை மேற்பார்வையாளர் பாத்துட்டாரு. விருந்தாளியே எழுந்து வேலை செய்ற மேசைன்னு என் பேர்ல குறிப்பு எழுதிட்டாரு. இன்னொரு குறிப்பு விழுந்தா அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம் சார்."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "உதவின்னு நெனச்சேம்மா. நானும் இந்த வேலைதான் பாத்தேன்."

"முதல் நாளே தெரிஞ்சுது சார். மூணு தட்டை அப்படி வேற யார் பிடிப்பா?" என்று அவள் சிரித்தாள். "நாளைக்குக் காலைல இறங்கிடுவீங்க, இன்னிக்கு ராத்திரிதான் கடைசிப் பந்தி. உக்காருங்க, அது போதும்."

அந்தச் சாயங்காலம் அவர் உட்கார்ந்தார். ஜன்னலில் கடல் செம்பு நிறத்தில் மெல்ல ஏறி இறங்கியது. விளக்குகள், கரண்டிச் சத்தம், யாரோ எங்கோ சிரிப்பது, எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டன. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தானே தூரத்தில் தட்டோடு போவதாகக்கூட ஒரு கணம் தோன்றியது. சூப்பு முடிந்தது. முழங்கால் தானாக எழப் பார்த்தது. இரண்டு கையாலும் நாற்காலியின் அடியைப் பிடித்துக்கொண்டார். மேற்பார்வையாளர் பதினேழாம் மேசையைக் கடந்தார், நின்றார், ஒரு பார்வை பார்த்தார், கையிலிருந்த தாளில் எதுவும் எழுதாமல் நகர்ந்தார். அந்தப் பெண் கிண்ணங்களை எடுக்கும்போது அவரைப் பார்த்துக் கண்ணால் நன்றி சொன்னாள்.

அடுத்த தட்டு வந்தது. இனிப் பார்ப்பதற்கு எதிரே மனைவியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் முள்கரண்டியால் கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேரட் பிடிக்காதா உனக்கு?"

"பிடிக்காது."

"எப்பலேருந்து?"

"சின்ன வயசுலேருந்தே."

"வீட்ல வாரத்துக்கு மூணு நாள் கேரட் பொரியல் பண்றியே!"

"உங்களுக்குப் பிடிக்குமேன்னு பண்றேன்."

பனிக்கட்டி வேண்டாம் என்ற கிழவி, வெங்காயம் ஆகாத டாக்டர், ரொட்டியின் ஓரத்தை வெட்டச் சொன்ன குழந்தை, முப்பத்தொரு வருஷத்து விருந்தாளிகள் அத்தனை பேரும் அவருக்கு நினைவில் இருந்தார்கள். ஒருமுறை வந்துபோனவர்களுக்குக்கூட என்ன பிடிக்காது என்று தெரியும். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகைதான், வேறொன்றுமில்லை.

"என்னங்க ஆச்சு? சாப்பிடுங்க, ஆறிடும்."

அவர் முள்கரண்டியை நீட்டினார். அவள் தட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்து, உட்கார்ந்தபடியே, கடைசித் துண்டு வரை நிதானமாக மென்று தின்றார்.